சிவப்புச் சீட்டு

ஹார்லன் க்ரூகரின் மூக்கு நெப்ராஸ்காவில் பேர் போன மூக்கு. கேஸ் கம்பெனியில் கசிவு தேடும் வேலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தார். கூட வந்தவர்கள் கருவியைப் பிடித்துக்கொண்டு மூலை மூலையாகத் துழாவிக்கொண்டிருப்பார்கள். இவர் வாசலில் நின்று பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டும்போதே, "சமையக்கட்டு இல்ல. கீழ போ. வெந்நீர்த் தொட்டிக்குப் பின்னால, இடது பக்கம்" என்பார். போய்ப் பார்த்தால் அங்கேதான் இருக்கும். ஆபத்து என்று பட்டால் குழாயை மூடி, அதன் கழுத்தில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டு வருவார். அதற்கப்புறம் வீட்டுக்காரர் கெஞ்சினாலும் அழுதாலும் அவிழ்க்க மாட்டார்.

ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் மரத்தில் ஒரு மூக்கைச் செதுக்கி, பலகையில் பதித்துக் கொடுத்தார்கள். அந்த மர மூக்கு இப்போது அரிசோனாப் பாலைவனத்தில், அவரும் மனைவி மேவிஸும் குடியிருக்கிற ட்ரெய்லரில், அதாவது வண்டியில் கட்டி இழுக்கிற சக்கர வீட்டில், படுக்கைக்கு மேலே ஒரு ஆணியில் தொங்குகிறது.

நிஜ மூக்கு செத்துப்போய் இரண்டு வருஷம் ஆயிற்று.

ஒரு காய்ச்சல் வந்தது, ஒன்பது நாள் கிடந்தார், எழுந்தார். காய்ச்சல் போகும்போது வாசனையையும் கையோடு கொண்டுபோய்விட்டது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்தார். காபித் தூளில் மூக்கை நுழைத்துப் பார்த்தார், பெட்ரோல் டப்பாவைத் திறந்து பார்த்தார். எதுவும் வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக மேவிஸிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டை விற்று இந்த ட்ரெய்லரை வாங்கியபோது, காலியான சமையலறையில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வண்டி ஓட்டுவது, வழி பார்ப்பது, சமையல், டாக்டர், காகிதங்கள், ஃபோன் எல்லாம் மேவிஸின் பாதி. கேஸ், தண்ணீர், பாட்டரி, சக்கரம் ஹார்லனின் பாதி. அப்போது மேவிஸ் சொன்னாள்: "ஒருத்தரால தன் பாதி முடியலன்னு ஆச்சுன்னா, அன்னிக்கே வீட்டுக்குப் போயிடணும். ஒருத்தர் ரெண்டு பாதியையும் இழுக்கிறதுங்கிறது கூடாது. எங்க அம்மா எங்க அப்பாவ இழுத்தா. நான் பாத்திருக்கேன்." கையை நீட்டினாள். ஹார்லன் குலுக்கினார்.

வீடு என்றால் இப்போது நெப்ராஸ்காவில், ஒமாஹா நகரத்தில், மகள் ட்ரூடியின் வீடு. அதிலும் தரைக்குக் கீழே இருக்கும் அறை. புதுக் கம்பளம் போட்டு, புதுக் கட்டில் போட்டு மூன்று வருஷமாகத் தயாராக வைத்திருக்கிறாள், பாவம். கூரையை ஒட்டி ஒரே ஒரு ஜன்னல். அதில் தெரிவது அடுத்தவர் பூட்ஸும் பனி வாரும் மண்வெட்டியும்தான். ஹார்லனுக்கு அந்த ஜன்னலை நினைத்தால் நெஞ்சில் ஏதோ உட்கார்ந்துகொள்ளும். அதனால் பாலைத் திறந்ததும், கெட்டதா நல்லதா என்று தெரிய, முதல் வாய் மேவிஸைக் குடிக்க வைத்தார். அவள் முகத்தைப் பார்த்துத் தன் முகத்தை வைத்துக்கொண்டார். ரொட்டி கருகினால் புகையைக் கண்ணால் பார்த்து, மூக்கால் தெரிந்தது போலக் கத்தினார். இரண்டு வருஷம் இப்படி ஓட்டிவிட்டார் மனிதர்.

ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் ஒரு சிலிண்டர் தீர்ந்து ஹீட்டர் நின்றுவிட்டது. மேவிஸ் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் துவைக்கப் போனாள். ஹார்லன் வெளியே போய் மற்ற சிலிண்டரைத் திறந்துவிட்டு வந்து, ஹீட்டரை அப்புறம் பற்றவைத்துக்கொள்ளலாம் என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். வெளியே உறைபனி. ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் துணி அடைத்திருந்தார்கள்.

மூன்று மணி நேரம் கழித்து மேவிஸின் வண்டிச் சத்தம் கேட்டது. வந்ததும் குடிக்கட்டும் என்று ஹார்லன் எழுந்து, கெட்டிலை அடுப்பில் வைத்து, நீள லைட்டரைக் கையில் எடுத்தார். அடுப்பில் தானாகப் பற்றும் பொத்தான் எப்போதோ கெட்டுப்போயிருந்தது.

கதவு திறந்தது. மேவிஸ் ஒரு காலைப் படியில் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"ஹார்லன். அந்த லைட்டர கீழ வை."

சத்தம் போடவில்லை. குழந்தையின் கையில் இருக்கும் கத்தியை வாங்குகிற குரல்.

"என்ன?"

"கீழ வை. அப்படியே வெளிய வா. எதையும் தொடாத."

அவர் வைத்தார். செருப்பில்லாமல் சரளைக் கல்லில் இறங்கி வந்து நின்றார். மேவிஸ் போய் இரண்டு சிலிண்டரையும் மூடினாள், கதவுகளை விரியத் திறந்து கட்டினாள்.

பக்கத்து ட்ரெய்லரிலிருந்து க்ளைவ் எட்டிப் பார்த்தான். கனடாக்காரன், குளிர்காலத்துக்கு வருகிறவன். "என்ன மேவிஸ், கிழவன வெளிய தொரத்திட்டியா? இங்க வரைக்கும் நாறுது!"

அங்கே வரைக்கும் நாறியிருக்கிறது. ஹார்லனுக்குத் தெரிந்தது எல்லாம் காலில் குத்திய கல்லும் காதில் பட்ட குளிரும்தான்.

அரைமணி கழித்து உள்ளே போனார்கள். மேவிஸ் முதலில் பார்த்தது தரையை ஒட்டிச் சுவரில் பதித்திருந்த கேஸ் அலாரத்தை. எப்போதும் பச்சையாக மினுக்கும் பொட்டு இருண்டு கிடந்தது. அவள் அதை வெளியே இழுத்தாள். பின்னால் வயர் பிடுங்கியிருந்தது.

"பாட்டரியக் குடிக்குது," என்றார் ஹார்லன். "நவம்பர்லயே எடுத்துட்டேன். இங்க எல்லாரும்தான் எடுத்துட்டாங்க."

அதில் பொய்யில்லை. மின்சாரக் கம்பி இல்லாத இடத்தில் சூரியத் தகட்டை நம்பி வாழ்கிறவர்கள் அவர்கள். மூன்று நாள் மேகம் போட்டால் முதலில் பிடுங்குவது அதைத்தான். க்ளைவ் தன்னுடையதின் மேல் ஒட்டு நாடாவே ஒட்டிவிட்டான். "பீன்ஸ் தின்னு காத்து விட்டாக்கூட கத்துது சனியன்" என்பான்.

"எல்லாரும் எடுப்பாங்க, ஹார்லன். நீ எடுக்கலாமா?" என்றாள் மேவிஸ். பிறகு மெதுவாக, "உள்ளதான இருந்த? உனக்குத் தெரியலையா?"

"சளி புடிச்சிருக்கு. தூங்கிட்டிருந்தேன். ரெகுலேட்டர் பழசாயிடுச்சு, மாத்தணும்னு நெனச்சிட்டே இருந்தேன். இன்னிக்கே போய் எல்லாத்தயும் வாங்கிடலாம்."

மேவிஸ் வண்டிச் சாவியை எடுத்தாள்.

சாமான் கடை நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. ட்ரெய்லருக்கும் வேனுக்கும் வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். நடத்துகிறவள் கான்சுவெலோ, ஐம்பது வயதுக்காரி. புருஷன் போன பிறகு தனியாக நடத்துகிறாள். திருகு முதல் தொட்டி வரை அவளுக்கு மனப்பாடம்.

"இன்னிக்கு என்ன ஒடஞ்சுது?" என்றாள்.

"ஒண்ணும் ஒடையல. வயசாயிடுச்சு."

"உங்களுக்கா, வண்டிக்கா?"

"ரெகுலேட்டருக்கு."

அவள் இரண்டு ரெகுலேட்டரை எடுத்து வைத்தாள். ஒன்று மலிவு, ஒன்று விலை. ஹார்லன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ரெகுலேட்டர் என்பது சிலிண்டரிலிருந்து சீறி வருகிற கேஸை அடக்கி, அடுப்பு தாங்குகிற அளவுக்குச் சாதுவாக்கி அனுப்புகிற சாமான். அதன் உள்ளே ஒரு ரப்பர்த் தோல். அது விறைத்துப்போனால் அடக்க ஆளில்லை. இதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். மலிவானதைப் புரட்டினார், அடியில் குத்தியிருந்த எண்ணைப் படித்தார்.

"இது செஞ்சு ஆறு வருஷம் ஆச்சு. உன் கொட்டகையில ஆறு கோடை வெந்திருக்கு. உள்ள தோலு அப்பளம் மாதிரி இருக்கும்."

"இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"அத எடுத்து ஓரமா போடு. யாரையாச்சும் கொன்னுடப் போற."

விலை கூடினதை எடுத்தார். ஒரே தடவையில் அடக்காமல், இரண்டு படியாக அடக்குகிற வகை. மூச்சு விடும் துவாரம் கீழே பார்த்து இருக்கிறதா, அதில் பூச்சி கூடு கட்டாமல் இருக்க வலை இருக்கிறதா என்று பார்த்தார். திருப்தி. அடுத்தது டியூப். கான்சுவெலோ ஜன்னலோரம் தொங்கியதில் இரண்டை எடுக்கப் போனாள்.

"வெயில் பட்டது வேண்டாம். பெட்டியில இருக்கறதக் குடு."

பெட்டியிலிருந்து வந்ததை விரலைச் சுற்றி வளைத்து, வளைந்த இடத்தில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பார்த்தார். முனையின் பச்சைத் திருகைச் சுழற்றிப் பார்த்தார். மூன்றாவதும் நான்காவதும் பார்த்த பிறகுதான் இரண்டு தேறின. கான்சுவெலோ கன்னத்தில் கை வைத்துக்கொண்டு மேவிஸைப் பார்த்துச் சிரித்தாள். "கல்யாணத்துக்கு முன்னால உங்களையும் இப்படித்தான் பாத்தாரா?"

"அப்போ கண்ணாடி போடல," என்றாள் மேவிஸ்.

மூன்று பேரும் சிரித்தார்கள். ஹார்லனுக்கு உடம்பு லேசாயிற்று. தன் பாதி தன்னிடம்தான் இருக்கிறது, கையில் கனமாக, புதுப் பித்தளை பளபளக்க.

"அலாரம்," என்றாள் மேவிஸ். "ரெண்டு. ஒண்ணு கேஸுக்கு, ஒண்ணு அடுப்பு சரியா எரியலன்னா வர்ற விஷக்காத்துக்கு. கேஸுக்கு வெறுமனே கத்தறது மட்டும் வேணாம். தானே வால்வ மூடுற மாதிரி இருக்குமாமே."

"இருக்கு. கசிஞ்சா கத்தும், உடனே குழாய மூடிடும். ஆனா ராத்திரி பகலா கரண்ட் தின்னும்."

"பாட்டரி தாங்காது," என்றார் ஹார்லன்.

"அதையே குடு," என்றாள் மேவிஸ்.

கான்சுவெலோ அலாரத்தைத் திருப்பி, செய்த தேதியை ஹார்லனிடம் காட்டினாள். அவர் தலையாட்டினார். அப்புறம் அவள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக, சின்னச் சின்ன அட்டைகள் அடுக்கியிருந்த ஒரு பெட்டியை முன்னால் தள்ளினாள். "அலாரம் வாங்கறவங்களுக்கு இது இலவசம். சுரண்டி மோந்து பாருங்க."

ஹார்லனுக்கு அந்த அட்டைகளைத் தெரியும். கேஸுக்கென்று சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று ஒரு நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்த நாற்றத்தைத் தடவிய அட்டை இது. நகத்தால் சுரண்டினால் எழும்பும். நெப்ராஸ்காவில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஆயிரக்கணக்கில் கொடுத்தவர் அவர். பிள்ளைகள் மோந்துவிட்டுக் கூச்சல் போட்டு ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள்.

மேவிஸ் ஒன்றை எடுத்து, சுரண்டி, மோந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஏதாவது தெரியுமா என்று ஹார்லன் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அலாரம் கேட்டதிலிருந்து அவள் முகம் அப்படித்தான் இருந்தது. அட்டையை அவரிடம் நீட்டினாள்.

அவர் மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தார். பிறகு தலையைப் பின்னால் இழுத்து, மூக்கைச் சுளித்தார்.

"அப்பப்பா. அழுகின முட்டையும் செத்த எலியும். குறையவே இல்ல."

மேவிஸ் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். ஹார்லன் சாமான்களைத் தூக்கி வண்டிக்குக் கொண்டுபோனார். கடை வாசலைத் தாண்டும்போது, தேறிவிட்டேன் என்று நினைத்தார். மேவிஸ் வர இரண்டு நிமிஷம் ஆயிற்று.

மத்தியானம் முழுக்க வேலை. பழைய ரெகுலேட்டரைக் கழற்றினார், டியூப்பைக் கழற்றினார், புதியதைப் பூட்டினார். மரை உள்ள இடத்துக்குக் கேஸ் குழாய்க்கான மஞ்சள் டேப் சுற்றினார். விரித்த செம்புக் குழாய் வாயோடு வாய் உட்காருகிற இடத்துக்குச் சுற்றவில்லை. பித்தளையும் செம்பும் நேராகத்தான் கடிக்க வேண்டும். அலாரத்தைத் தரையோரம் பதித்து வயர் கொடுத்தார். பச்சைப் பொட்டு வந்தது.

பிறகு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலந்து, தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே வந்தார். மேவிஸ் டார்ச் பிடித்தாள். அடுப்புக்குப் பின்னால், குனிந்து தலையை நுழைத்தால்தான் தெரிகிற ஒரு செம்புக் குழாய் இணைப்பு. அங்கே தடவியதும் நுரை பொங்கியது. சின்னச் சின்னக் குமிழாக, நிற்காமல்.

"இங்கதான்," என்றார். "இத்தன நாள் தாங்கியிருக்கு, இன்னிக்குப் புது சிலிண்டர் வேகத்துல வாயத் திறந்துடுச்சு."

"நவம்பர்ல இத நீதான முடுக்கின?"

"ஆமா."

"அப்போ சோப்பு தடவினியா?"

ஹார்லன் ஸ்பேனரை வைத்து அரைச் சுற்று முடுக்கினார். குமிழ் நின்றது. அந்த நவம்பர் சாயங்காலம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. சோப்புக் கிண்ணத்தை எடுக்கப் போனார். 'என்னது, உன் மூக்குக்கு சோப்பா?' என்று மேவிஸ் கேட்டுவிடுவாளோ என்று நினைத்து, கிண்ணத்தைத் திரும்ப வைத்துவிட்டார். குனிந்து, அவள் பார்க்கும்படி மூக்கை இரண்டு தடவை உறிஞ்சி, 'சுத்தமா இருக்கு' என்று சொன்னார்.

"மூக்கால பாத்தேன்," என்றார் இப்போது.

மேவிஸ் டார்ச்சை அணைத்தாள்.

கடைசியாக ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி அழுத்தம் பார்த்தார். தண்ணீர் ஏற வேண்டிய பதினொரு அங்குலம் ஏறி, அங்கேயே நின்றது. பத்து நிமிஷம் ஆகியும் மயிரளவு இறங்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தார், நீலமாக, அமைதியாக எரிந்தது. ஊரில் அவரோடு வேலை பார்த்த எவனும் இதில் ஒரு குறை சொல்லியிருக்க முடியாது.

"பாத்தியா?" என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. "இன்னும் பத்து வருஷம் இதுல கை வைக்க வேண்டாம். காபி போடு."

மேவிஸ் அடுப்பை அணைத்தாள். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"இத இன்னொரு தரம் மோந்து பாரு."

"அதான் பாத்தேனே."

"இன்னொரு தரம்."

அவர் மோந்தார். மூக்கைச் சுளித்தார், இந்தத் தடவை கொஞ்சமாக.

"ஹார்லன்," என்றாள். "அதுல ஒண்ணுமே இல்ல. ஜன்னல் வெயில்ல கெடந்து எப்பவோ செத்துப்போன அட்டை அது. நான் சுரண்டினப்பவே எனக்கு ஒண்ணும் வரல. நீ வெளிய போனதும் கான்சுவெலோ நாலு அட்டைய சுரண்டிப் பாத்துட்டு, பெட்டியோட குப்பையில போட்டா. 'அவருக்கு எப்படி வந்துது'ன்னு கேட்டா."

வெளியே க்ளைவ் ஏதோ பாட்டை விசில் அடித்துக்கொண்டு போனான். ஹார்லன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ தேதி தேடுகிறவர் போல.

"எப்பலேர்ந்து?"

"அந்தக் காய்ச்சல்லேர்ந்து."

"ரெண்டு வருஷமா?" அவள் எதிரில் உட்கார்ந்தாள். "அப்போ பாலு?"

"நீ முதல்ல குடிப்ப."

"நான் என்ன, உன் சோதனைக்கூடத்து எலியா?" என்றாள். சிரிப்பு வர வேண்டிய இடம், வரவில்லை. "போன கிறிஸ்துமஸுக்கு ஒரு செண்ட் வாங்கிக் குடுத்தியே. கழிப்பறைக்குத் தெளிக்கிற மாதிரி இருந்துது. நீ ஆசையா மோந்து பாத்து வாங்கினன்னு தினம் போட்டுக்கிட்டேன்."

"பாட்டில் அழகா இருந்துது," என்றார் ஹார்லன்.

வெயில் மேஜையிலிருந்து இறங்கித் தரைக்குப் போய், அலாரத்தின் பச்சைப் பொட்டுக்குப் பக்கத்தில் நின்றது. மேவிஸ்தான் முதலில் வாயைத் திறந்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"புது அலாரம் இருக்கு. தானே மூடிடும். உனக்குத் தெரியலன்னாலும் அதுக்குத் தெரியும். அன்னிக்கு நாம கை குலுக்கினத யாரும் பாக்கல. ட்ரூடிக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்."

இதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று ஹார்லனுக்குத் தெரியும். ஒமாஹா என்றால் மேவிஸுக்கும் கசப்புதான். வாரத்தில் நாலு நாள் கல் சந்தைக் கூடாரத்தில் வேலைக்குப் போகிறாள். மலைக் கல்லும் படிகமும் விற்கிற இடம். அங்கே அவளுக்குச் சிநேகிதிகள் உண்டு. அவள் அந்தப் பக்கம் போனால், இந்தப் பக்கம் அவர் ஒருவர்தான், கதவு சாத்தி, ஜன்னலில் துணி அடைத்து. சாயங்காலம் அவள் வந்து கதவைத் திறப்பாள். உள்ளே அவர் கையில் லைட்டர் இருக்கும்.

"மேகம் போடும்," என்றார்.

"என்ன?"

"மூணு நாள் மேகம் போடும். பாட்டரி இறங்கும். நீ வேலைக்குப் போயிருப்ப. நான் அந்த வயரப் பிடுங்குவேன். சாயங்காலம் மாட்டிடலாம்னு நெனச்சுத்தான் பிடுங்குவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும், மேவிஸ்."

எட்னா ஸ்வோபோடா என்று ஒருத்தி இருந்தாள், நெப்ராஸ்காவில், ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் தனியாக. ஹார்லன் கசிவு பார்க்கப் போய் உள்ளே காலை வைத்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. அவளோ மேஜையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். 'என்ன தம்பி, என்ன விஷயம்?' என்றாள். அவளுக்கு வாசனை போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. கசிவைச் சரி செய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனாலும் அவர் குழாயை மூடிச் சிவப்புச் சீட்டைக் கட்டினார். இனி இந்த வீட்டில் கேஸ் கூடாது, மின்சார அடுப்புக்கு மாறும் வரை மகன் வீட்டுக்குப் போங்கள் என்றார். 'சரி பண்ணிட்டியே, அப்புறம் எதுக்குத் தம்பி?' என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். 'நான் ஜாக்கிரதையா இருப்பேன்.' அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வந்துவிட்டார். அவள் திரும்பி வரவில்லை; அந்த வீட்டை அடுத்த வருஷம் யாரோ வாங்கினார்கள்.

ஹார்லன் எழுந்தார். சாமான் பெட்டியின் அடித்தட்டில் ஒரு பழைய புகையிலை டப்பா இருந்தது. அதில் பித்தளை மூடிகள், அளவு வாரியாக. மூன்று நாலை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தார். மரை தேயாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். காலையில் கடையில் பார்த்த அதே நிதானத்தோடுதான் பார்த்தார். டப்பாவுக்குக் கீழே, ரப்பர் வளையம் போட்டு ஒரு சின்னக் கட்டு. அதிலிருந்து ஒரு சீட்டை உருவினார். சிவப்பு கொஞ்சம் வெளுத்திருந்தது.

"அத இன்னுமா வெச்சிருக்க?" என்றாள் மேவிஸ்.

"கம்பெனி திருப்பிக் கேக்கல."

வெளியே குளிர் இறங்க ஆரம்பித்திருந்தது. அவள் டார்ச்சோடு பின்னால் வந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது, ஆனாலும் எடுத்து வந்தாள். ஹார்லன் சிலிண்டர்களை மூடினார். மத்தியானம் பூட்டிய புது ரெகுலேட்டரை, ஒரு நாள்கூட உழைக்காததை, ட்ரெய்லருக்குள் போகும் குழாயிலிருந்து கழற்றினார். திறந்த வாயில் பித்தளை மூடியை வைத்து, முதலில் விரலால், பிறகு ஸ்பேனரால் முடுக்கினார்.

"இந்த ட்ரெய்லர வாங்கப் போறவன் குடுத்து வெச்சவன்," என்றார் ரெகுலேட்டரைத் துணியில் சுற்றிக்கொண்டே. "எல்லாம் புதுசு."

சீட்டை முழங்காலில் வைத்து எழுதினார். தேதி. இடம். சாதனம் என்ற இடத்தில், அடுப்பு, ஹீட்டர், பிரிட்ஜ், வெந்நீர் என்று கேஸில் ஓடுகிற எல்லாவற்றையும் எழுதினார். காரணம் என்ற கோட்டில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. எட்னா வீட்டில் எழுதினதையே எழுதினார். அதே வார்த்தைகள், அதே கையெழுத்து, கொஞ்சம் கோணலாக.

வீட்டிலிருப்பவருக்கு வாசனை தெரியாது.

மேவிஸ் குனிந்து படித்தாள். சீட்டைக் கட்டுகிற கம்பியை நீட்டினாள். அவர் கட்டினார். கம்பியைத் திருகிய விரல்கள் குளிரில் விறைத்திருந்தன.

உள்ளே ஹீட்டர் இல்லை, பிரிட்ஜும் நின்றுவிட்டது. மேவிஸ் இரண்டு பேருடைய கோட்டையும் எடுத்துப் போட்டாள். பாலையும் மீதிக் கோழியையும் ஒரு பையில் வைத்து க்ளைவிடம் கொடுத்துவிட்டு, ஒரு பிளாஸ்கில் வெந்நீர் வாங்கி வந்தாள். காபி கலந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ட்ரூடிக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"காகிதமும் ஃபோனும் உன் பாதி," என்றார் ஹார்லன்.

அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளிப்படியில் போய் உட்கார்ந்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவள் மகளிடம் கம்பளத்தைப் பற்றி ஏதோ கேட்பது காதில் விழுந்தது. ஹார்லன் கோப்பையை மூக்குக்கு அருகே கொண்டுபோய், பழக்கத்தில், ஒரு மூச்சு இழுத்தார். ஆவி கன்னத்தில் பட்டது, சூடாக இருந்தது. பிறகு குடித்தார்.